நான்காவது பெயர்

பி.டி. சார் தேர்தல் பயிற்சிக்கு விருத்தாசலம் போய்விட்டார்.
போகிற அவசரத்தில் சொன்னது ஒன்றுதான்:
"வரிசைய நீயே எழுதிடு. கேப்டன் நீதான?"

ராத்திரி, ஐஸ் கம்பெனி ரசீதின் பின்பக்கம்
ஒன்றிலிருந்து ஒன்பது வரை எண் போட்டேன்.
எண் போடுவது சுலபம்.
கொசுவத்தி ஒரு சுற்று எரிந்து உதிர்வதற்குள்
எட்டு இடத்தில் அடித்தல் திருத்தல்.

இதுவரை நான் நின்ற வரிசையெல்லாம்
வேறு யாரோ போட்டது.
பிரேயரில் உயரப்படி. எப்போதும் கடைசி நான்,
எதிரே வரிசையாய் ரிப்பன் முடிச்சுகள்.
வருகைப் பதிவேட்டில் அகரப்படி.
ரேங்க் அட்டை, அதை விடுங்கள்.
புயல் வருஷம் ரொட்டிக்கு நின்றோம்,
அங்கே முழங்கைதான் வரிசை.

முதலில் நஸ்ரின். அதில் தகராறே இல்லை.
அடிக்கக்கூட வேண்டாம், பந்தைத் தொட்டால் போதும்,
ஃபர்ஸ்ட் பேஸில் நின்று நம்மைத் திரும்பிப் பார்ப்பாள்.
அடுத்து ரெபேக்காள்.
துறைமுகத்தில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோல
வருகிற ஒவ்வொரு பந்தையும் பார்த்து
வேண்டாம், வேண்டாம் என்பாள்.
மூன்று இலஞ்சியம்.
ஒன்பது கடைசியில்லை,
ஒன்பதுக்கு அப்புறம் மறுபடி நஸ்ரின்தானே என்று
சுகப்பிரியாவிடம் எப்படிச் சொல்ல?
சொன்னால் சிரிப்பாள். சிரித்துவிட்டு அழுவாள்.

நான்காவது.

நான்கு வரும்போது பேஸில் ஆள் நிற்கும்.
அடித்து அவர்களை ஹோமுக்கு அனுப்புகிற இடம்.
இரண்டு வருஷமாய் அது வேம்பரசியின் இடம்.
ஆடியிலிருந்து அவள் மட்டையில் பந்து மாட்டவில்லை.
சிப்காட்டில் அவள் அப்பாவுக்கு வேலை போனதாலா,
கண்ணாடி போடவேண்டிய கண்ணா,
நான் கேட்கவில்லை.
பதினேழு முறை நின்றாள், இரண்டு அடி.
எனக்கு ஏழு.
ஸ்கோர் நோட்டு என் பையில்தான் இருக்கிறது.
பொய் சொல்லாது, அதுதான் தொல்லை.

அவளை ஏழில் எழுதினேன்.
நான்கில் என் பெயரை
மற்ற பெயர்களைவிடச் சின்னதாக.

மஞ்சக்குப்பம் மைதானம், ஒன்பதே கால் வெயில்.
வில்லியனூர்ப் பெண்களுக்கு
ஒரே நிறத்தில் ஒன்பது ஜோடி ஷூ.
நான் வாசித்தேன். ஏழு என்றபோது
வேம்பு ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தாள்.
கட்டிய முடிச்சை அவிழ்த்து
மறுபடி கட்டினாள்.

இலஞ்சியம் அவுட். இரண்டாம் பேஸில் நஸ்ரின்.
ஸ்கோர் மேசையில் என் பெயருக்கு
சின்ன 'ல'வா பெரிய 'ள'வா என்று பேசிவிட்டுத்
திரும்பினால்
பிளேட்டில் நிற்கிறாள் வேம்பு.

வேண்டுமென்றே இல்லை.
மூன்றுக்குப் பிறகு தான் என்பது
இரண்டு வருஷமாய் அவள் காலுக்குத் தெரியும்.
அம்பயர் கவனிக்கவில்லை. அவர்களும் கவனிக்கவில்லை.
இரண்டு பால், ஒரு ஸ்ட்ரைக் ஆகியிருந்தது.
விட்டுவிட்டால், அவள் ஆடி முடித்தபின்
அவர்களில் ஒருத்தி கை தூக்கினால் போதும்,
அவுட் அவளில்லை. நான்.

பிட்சர் பந்தைக் கையுறைக்குள் உருட்டும் நேரம்தான் யோசித்தேன்.
அவ்வளவு நேரம் யோசித்தேன் என்பதை
இங்கே மட்டும் சொல்கிறேன்.

"டைம்!"

வேம்பு திரும்பினாள். என்னைப் பார்த்தாள்,
மேசையைப் பார்த்தாள், நாக்கைக் கடித்துக்கொண்டாள்.
எங்களிடம் நல்ல மட்டை ஒன்றுதான்.
கைப்பிடி அவள் வியர்வையில் ஈரமாயிருந்தது.

அம்பயர் விரல்களைக் காட்டினார்:
ரெண்டு பால், ஒரு ஸ்ட்ரைக்.
புதிதாகத் தொடங்க முடியாது, அதுதான் விதி.
அவள் பொறுத்து விட்ட இரண்டும்
அவள் தவறவிட்ட ஒன்றும்
இனி என் கணக்கு.

ஹெல்மெட்டைக் கழற்றி என் தலையில் வைக்கும்போது
காலையிலிருந்து முதல் வார்த்தை பேசினாள்:
"மெதுவா போடப்போறான்னா
தோள் முன்னாடியே திரும்புது. பாத்துக்க."

நின்றேன்.
எதிரே, அந்தத் தோள்.